பாட்டும் உடைமையும்: ஜோன் ஃபொகேற்றி பற்றிய ஒரு மறுமதிப்பீடு

வெகுசனப் பாடல்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்ற வினா இப்பொழுது நம்மிடையே அதிகம் எழுப்பப்படுவதில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை ஒரு சமூக நிறுவனமாகக் கொண்டு ஆராய்ந்து காட்டியதன் பின்னர், மக்கள் பெருந்தொகையாகக் கேட்பதையும் பார்ப்பதையும் ‘இலக்கியமன்று’ எனத் தள்ளிவிடும் போக்கு வலுவிழந்தது. எனினும் மேனாட்டு றொக் இசை பற்றி ஒரு தமிழ்ச் சங்க ஆய்விதழில் எழுதப் புகும்பொழுது தயக்கம் ஏற்படவே செய்கிறது. அது ஏகாதிபத்திய நாடொன்றின் பொழுதுபோக்குச் சரக்கு. ஈழத்தில் அதனைக் கேட்டோர் பெரும்பாலும் ஆங்கிலம் ஓரளவு தெரிந்த நடுத்தர வகுப்பினர். இவ்விரண்டு ஆட்சேபங்களும் நியாயமானவையே. அவற்றை மறுப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. இளமையில் என்னை ஆட்கொண்ட ஒரு பாடகரைப் பற்றி நான் முன்னர் கொண்டிருந்த மதிப்பீடு பிழையானது என்பதையும், அப்பிழை தனிமனித ரசனையின் பிழை மாத்திரமன்று, நமது முற்போக்குத் திறனாய்வு அடிக்கடி இழைத்துவரும் முறையியற் பிழையே என்பதையும் எடுத்துக்காட்டுவதே எனது நோக்கமாகும்.

பாடகர் ஜோன் ஃபொகேற்றி. குழு கிறீடென்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல். 2002ஆம் ஆண்டில் யுத்த நிறுத்தம் கைச்சாத்தாகி ஏ-9 பாதை திறக்கப்பட்டபொழுது, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சின்னமாமா தமது பயணப்பையில் ஒரு கசெற்றைக் கொண்டுவந்தார். எனக்கு அப்பொழுது பதினான்கு வயது. ஏதோ ஓர் ஒலிப்பதிவுக் கடையிற் பிரதிபண்ணப்பட்டது அது. அட்டையிற் குழுவின் பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. 1976இல் ஃபன்ரஸி றெக்கோட்ஸ் நிறுவனம் ‘குரோனிக்கிள்’ என்ற பெயரில் வெளியிட்ட இருபது பாடல்களின் தொகுப்பே அதுவென்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். கள்ளப் பிரதியைக் கேட்டுவிட்டோமே என்று நெடுங்காலம் எனக்கொரு கூச்சம் இருந்தது. உண்மையில், நாங்கள் அசலையே காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் பாடியவர் என்ற வகையில் ஃபொகேற்றிக்கு அன்று ஒரு சதமும் போய்ச் சேர்ந்திராது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

கரகரத்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவது போன்ற குரல். சொற்களிற் பாதி விளங்கவில்லை. விளங்கிய அளவிலே ‘ஃபோர்ச்சுனேற் சன்’ என்ற பாடல் எங்களுக்குப் போதுமானதாயிருந்தது. அதிட்டசாலிகளின் மக்கள் தேசபக்தி பேசிக்கொண்டு வீட்டிலிருக்க, அல்லாதவர்களின் மக்கள் போருக்கு அனுப்பப்படுகிறார்கள். தான் அதிட்டசாலியின் மகன் அல்லன் என்று பாடுபவன் உரத்து மறுக்கிறான். யாருடைய பிள்ளைகள் போருக்குப் போகிறார்கள் என்ற கேள்வியை விளக்கிக் கூறவேண்டிய தேவை இந்நாட்டில் எவருக்கும் இருந்ததில்லை. தெற்கிலே வேலையற்ற வறிய கிராமங்களின் இளைஞர். வடக்குக் கிழக்கிலே முகவருக்குக் கொடுத்து வெளிநாடு அனுப்பக் காசில்லாத வீடுகளின் பிள்ளைகள். பேராதனையில் மாணவனாயிருந்தபொழுது, 2010இல், நண்பர்களோடு நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையொன்றில் ஃபொகேற்றியை ‘அமெரிக்கத் தொழிலாளி வர்க்கத்தின் பாடகன்’ என வருணித்து ஒரு கட்டுரை எழுதினேன். அதன் சான்றுகள் யாவும் பாடல்களின் சொற்பொருளிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன.

அக்கட்டுரையில் முற்றாகத் தவறென்று தள்ளத்தக்கது அதிகமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1969இன் பிற்பகுதியில் வெளிவந்த அப்பாடலின் வரலாற்றுப் பின்னணி திட்டவட்டமானது. அமெரிக்காவின் கட்டாய ஆட்சேர்ப்பு முறையிற் பல்கலைக்கழக மாணவருக்கு ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. அச்சலுகை நடைமுறையில் வர்க்கச் சலுகையாகவே செயற்பட்டது. மறுபுறம், 1966இல் பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா தொடக்கிய திட்டத்தின் கீழ், முன்னர் தகுதிச் சோதனைகளில் நிராகரிக்கப்பட்டிருக்கக் கூடிய மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படைக்குள் எடுக்கப்பட்டனர். அவர்களுட் பலர் கல்வி வாய்ப்பற்ற வறியோர். கறுப்பினத்தவர் அவர்களிடையே மிகையாக இருந்தனர். 1968 டிசம்பரில் முன்னாட் சனாதிபதி ஐசன்ஹோவரின் பேரனுக்கும், சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டிருந்த நிக்சனின் மகளுக்கும் நடைபெற்ற திருமணமே பாட்டுக்கு உடனடித் தூண்டுதலாயிற்று என ஃபொகேற்றி பலமுறை கூறியுள்ளார். அப்பேரன் பின்னர் கடற்படையிற் பணியாற்றினார் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடல் வேண்டும். ஆனால் பாட்டின் இலக்கு தனியாள் அன்று, ஒரு சமூகப் பிரிவு.

பிழை வேறிடத்தில் இருந்தது. பாடற்பொருளிலிருந்து நேரே பாடகனின் வர்க்கத்துக்கும், அங்கிருந்து அவனது நிலைப்பாட்டுக்கும் தாவிவிட்டேன். இடையில் இருப்பது உற்பத்தி. பாட்டு எங்கே, எவருடைய பணத்தில், எத்தகைய உறவுகளுக்குள் ஆக்கப்படுகிறது என்பதை நான் கேட்கவேயில்லை. வோல்ற்றர் பெஞ்சமின் 1934இலேயே, ஓர் ஆக்கம் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன மனப்பாங்கு கொண்டுள்ளது என்று கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்கவேண்டும் என வற்புறுத்தினார். பெஞ்சமினைப் பரீட்சைக்காகப் படித்தோம். கசெற்றைக் கேட்கும்பொழுது அவர் நினைவுக்கு வரவில்லை.

ஃபொகேற்றி 1945இற் கலிபோர்னியாவில் பேர்க்லி நகரிற் பிறந்தார். தந்தை பேர்க்லிப் பத்திரிகையொன்றில் லைனோரைப் இயந்திரத்தில் எழுத்துக் கோத்தவர். அயலூராகிய எல் செறிற்றோவில், பாடசாலைத் தோழர்களாகிய ஸ்ரூ குக், டக் கிளிஃபேட் ஆகியோருடன் அவர் தொடங்கிய குழுவில் அண்ணன் ரொம் ஃபொகேற்றியும் சேர்ந்துகொண்டார். குக் ஒரு வழக்கறிஞரின் மகன். ஆகவே குழுவின் சமூக அடித்தளத்தைத் தொழிலாளி வர்க்கம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. புறநகரத்துக் கீழ்நடுத்தர வர்க்கமும் அதற்குச் சற்று மேலேயுள்ள படியும் கலந்தது அது. போர் பற்றிய விடயமும் அவ்வாறே. கட்டாய ஆட்சேர்ப்புக் கடிதம் வந்தபொழுது ஜோன் 1966இல் தரைப்படையின் சேமப்படையிற் சேர்ந்தார். கிளிஃபேட் கரையோரக் காவற்படையின் சேமப் பிரிவிற் சேர்ந்தார். சேமப்படையினர் வியற்நாமுக்கு அனுப்பப்பட்டது அரிது. அதனாலேயே அவ்விடங்களுக்கு அன்று பெரும் போட்டி நிலவியது. 1968இல் விடுவிப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த நாளில் மகிழ்ச்சி மிகுதியால் எழுதத் தொடங்கிய பாட்டே ‘பிறவுட் மேரி’ என்பது அவரே சொன்ன செய்தி. அதிட்டசாலியல்லாத மகனின் குரலிற் பாடியவர், அதிட்டத்தின் ஓரத்திலேனும் நின்றவர். இதனை வஞ்சகம் என்பது நேரியதன்று. கொல்லப்போகவும் சாகப்போகவும் மறுத்து, கிடைத்த வழியால் தப்பிய இளைஞனை எவர் குறைகூற முடியும்? ஆயினும் அம்மறுப்புக்குள் இருந்த இடைவெளியை நான் அன்று காணவில்லை என்பது உண்மை.

இவ்விடத்து, மேனாட்டு விமர்சகர் இக்குழுமீது வழமையாகச் சுமத்தும் ‘போலி’ என்ற குற்றச்சாட்டையும் கவனித்தல் வேண்டும். ஃபொகேற்றியின் பாடல்கள் பலவற்றின் களம் லூசியானாவின் சதுப்பு நிலமும் மிசிசிப்பி ஆறுமாகும். அவற்றை எழுதிய காலத்தில் அவர் அந்நிலத்தை அறிந்தவரல்லர். பாடும்பொழுது அவரது உச்சரிப்புக்கூடத் தென்மாநிலத்தவர் போல மாறிவிடும். இதிலே தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. நெய்தலைப் பாடிய புலவர் யாவரும் பரதவர் குடியிற் பிறந்தவர் என்றோ, குறிஞ்சி பாடியோர் தினைப்புனம் காத்தவர் என்றோ நாம் கருதுவதில்லை. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே பாட்டின் புலனெறி என்பது தொல்காப்பியத்தின் நிலைப்பாடு. நிலம் ஒரு விலாசமன்று. ஓர் உணர்வொழுங்கின் பெயர். ஃபொகேற்றியின் ஆற்றங்கரையும் அவ்வாறான ஒரு திணையே. ‘பிறவுட் மேரி’யில் நகரத்து வேலையை உதறிவிட்டு ஆற்றுக்கு வருபவன், காசில்லாதவனையும் ஏற்றுக்கொள்ளும் மனிதரை அங்கே காண்கிறான். கூலியுறவு இல்லாத மானிட உறவொன்றின் கற்பனை அது. றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாடும் நகரமும்’ என்ற நூலில் ஆராய்ந்த, எப்பொழுதும் ஒரு தலைமுறைக்கு முன்னரே கழிந்துபோனதாகத் தோன்றும் நாட்டுப்புறமே இது.

ஆனால் திணைக் கோட்பாட்டைக் கொண்டு முழுவதையும் மன்னித்துவிட முடியாது. அந்த ஆற்றங்கரை ஆளில்லா நிலமன்று. அங்கே பருத்தி ஆய்ந்தவர்களும் சிறையிற் கல்லுடைத்தவர்களும் கறுப்பின மக்கள். ஃபொகேற்றி கற்றுக்கொண்ட குரல் ஹவ்லின் வுல்ஃப், லிற்றில் றிச்சேட் போன்றோருடைய குரல். 1969இல் வெளிவந்த ‘வில்லி அன்ட் த பூவர் போய்ஸ்’ இசைத்தட்டில் லெட் பெலியின் பாடல்கள் இரண்டு இடம்பெறுகின்றன. அடுத்த ஆண்டின் ‘கொஸ்மோஸ் ஃபக்ரறி’யில் ஆதர் குறூடப்பின் பாடலொன்று உண்டு. விவசாயக் கூலியாகவும் உழைத்த குறூடப், எல்விஸ் பிறெஸ்லி முதலானோர் பாடிப் பொருளீட்டிய தமது பாடல்களுக்குரிய பங்கை ஒழுங்காகப் பெறாமலேயே 1974இல் இறந்தவர். இன்னுமொன்று: இளைஞர் நால்வரும் 1964இல் ஃபன்ரஸி நிறுவனத்திற் சேர்ந்தபொழுது, கறுப்பினத்தவரை எள்ளும் துணிப்பொம்மையின் பெயராகிய ‘கொலிவொக்ஸ்’ என்பதை நிறுவனமே அவர்களுக்குச் சூட்டியது, அவர்கள் அதனை விரும்பவில்லை, ஆனால் சில ஆண்டுகள் சுமந்தனர். இவற்றைச் சேர்த்து நோக்கும்பொழுது, பின்னர் ஃபொகேற்றிக்கு இழைக்கப்பட்டது அவரோடு தொடங்கிய அநீதியன்று என்பது புலப்படும். அபகரிப்பின் நீண்ட சங்கிலியில் அவர் ஒரு கணு. ஒரு பக்கம் பெற்றவர், மறுபக்கம் இழந்தவர்.

குழுவின் உழைப்புமுறை பற்றியும் ஒரு சொல். அருகிலிருந்த சான்பிரான்சிஸ்கோவின் குழுக்கள் போதைப்பொருளின் துணையோடு அரைமணி நேரம் நீளும் இசையலைவுகளில் ஈடுபட்டிருந்த காலத்தில், கிறீடென்ஸ் குழுவினர் நாள்தோறும் ஒத்திகை பார்த்து, பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாடல்களை வார்த்தெடுத்தனர். ஒத்திகை நடந்த இடத்துக்குக் கிளிஃபேட் வைத்த பெயர் ‘தொழிற்சாலை’. ‘கொஸ்மோஸ் ஃபக்ரறி’ என்ற இசைத்தட்டின் பெயர் அதிலிருந்து வந்ததே. கொஸ்மோ கிளிஃபேட்டின் பட்டப்பெயர். 1969ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஐந்து சிறு தட்டுகள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடத்தை எட்டின. ஒன்றேனும் முதலிடத்தை எட்டவில்லை. வடிவத்தில் அவர்கள் காட்டிய சிக்கனமும் ஒழுங்கும் கைவினைத் தொழிலாளியின் நேர்மையை நினைவூட்டுவன. இன்றும் ‘கிறீன் றிவர்’ பாட்டின் தொடக்கத்துக் கிற்றார் ஒலிக்கும்பொழுது, ஓரொலிகூட வீணாகச் செலவிடப்படவில்லை என்ற நிறைவு எனக்கு ஏற்படுகிறது. இந்த மதிப்பீட்டிலிருந்து நான் இறங்கவில்லை.

எனினும் தொழிற்சாலையென்றால் மேலாளரும் உண்டு. பாடல்களை எழுதியவர், பாடியவர், இசைக்கோப்புச் செய்தவர், பதிவை நெறிப்படுத்தியவர், வணிக விடயங்களையும் கவனித்தவர் ஜோன் ஒருவரே. ஏனைய மூவரும் வாசித்தனர். அண்ணன் ரொம் 1971இல் வெளியேறினார். எஞ்சிய இருவரும் சமபங்கு கோரினர். 1972இல் வெளிவந்த ‘மார்டி கிறா’ இசைத்தட்டில் மூவரும் எழுதினர், மூவரும் பாடினர். அது விமர்சகர்களாற் கடுமையாக இகழப்பட்டது. அதே ஆண்டிற் குழு கலைந்தது. சனநாயகம் கலையைக் கெடுத்துவிட்டது என்று இதிலிருந்து பாடம் கற்பிப்போர் உளர். நான்காண்டுகளாக எழுதவும் பாடவும் இடம்பெறாதவர்களிடம் ஒரே நாளில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்துவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்பது எவ்வகைச் சனநாயகம் என்பதை அவர்கள் விளக்குவதில்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஃபன்ரஸி நிறுவனத்தை 1967இற் கூட்டாளிகளுடன் சேர்ந்து வாங்கியவர் சோல் ஸான்ற்ஸ். அனுபவமற்ற இளைஞர்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி பாடல்களின் வெளியீட்டுரிமை நிறுவனத்துக்குச் சென்றது. ஆண்டுதோறும் இத்தனை பாடல்கள் கொடுக்கவேண்டும் என்ற கடப்பாடும் இருந்தது. குழு கலைந்த பின்னரும் அக்கடப்பாடு ஜோனை விடவில்லை. எழுதி முடிக்கமுடியாத அளவு பாடல்கள் அவர் பேரிற் கடனாக நின்றன. அதிலிருந்து விடுபடுவதற்கு அவர் கொடுத்த விலை, கிறீடென்ஸ் பாடல்களைப் பாடியவர் என்ற வகையில் தமக்குரிய றோயல்ற்றியைக் கைவிட்டமையாகும். முன்னர் குறித்த கசெற் கணக்கின் விளக்கம் இதுவே. அவர்களது சேமிப்பும் பகாமாசிலிருந்த வங்கியொன்றின் வரித்தவிர்ப்பு ஏற்பாட்டில் அழிந்துபோயிற்று. ஸான்ற்ஸோ இசைத்தட்டுகளில் ஈட்டிய மூலதனத்தோடு திரைப்படத் தயாரிப்பில் இறங்கி, 1975, 1984, 1996ஆம் ஆண்டுப் படங்களுக்காகச் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதை மும்முறை பெற்றார். மூன்றாவது படம் கொழும்பிற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின் ‘த இங்கிலிஷ் பேஷன்ற்’ நாவலைத் தழுவியது. மூலதனம் உலகைச் சுற்றிவரும் பாதைகள் நமக்கு அத்துணைத் தொலைவானவையல்ல.

தாம் எழுதிய பாடல்களைத் தாமே பாடுவதை ஃபொகேற்றி பல்லாண்டுகள் நிறுத்திவைத்தார். பாடினால் ஸான்ற்ஸுக்குப் பணம் சேரும் என்பதே காரணம். 1985இல் ‘சென்ரர்ஃபீல்ட்’ என்ற தனி இசைத்தட்டோடு மீண்டும் வந்தார். அதிலே முன்னாள் முதலாளியை ஏளனஞ்செய்யும் பாடல்கள் இருந்தமையால் அவதூறு வழக்கு வந்தது. அது இணக்கமாகத் தீர்ந்தது. ஆனால் அதே இசைத்தட்டிலிருந்த ‘த ஓல்ட் மான் டவுண் த றோட்’ பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு, பண்பாட்டுத்துறையின் உற்பத்தி உறவுகள் பற்றிப் படிப்போர் ஒவ்வொருவரும் அறியவேண்டியதொன்று. 1970இல் அவர் எழுதிய ‘றன் துறூ த ஜங்கிள்’ பாட்டின் பதிப்புரிமை ஃபன்ரஸிக்கு உரியது. புதிய பாட்டு அதனைப் போன்றிருக்கிறது. எனவே ஃபொகேற்றி ஃபொகேற்றியிடமிருந்து திருடினார் என்பதே குற்றச்சாட்டு. 1988இற் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்திற் சாட்சிக் கூண்டிலே கிற்றாரை வைத்துக்கொண்டு, தமது பாட்டு எவ்வாறு பிறக்கிறது என்பதை ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டினார். வென்றார். வழக்குச் செலவைத் தரவேண்டுமா என்ற கேள்வி மேலும் சென்று, 1994 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில், பதிப்புரிமை வழக்குகளில் வென்ற பிரதிவாதியையும் வென்ற வாதியையும் ஒரே அளவுகோலாலேயே நோக்கவேண்டும் என்ற தீர்ப்பாக முடிந்தது.

மார்க்ஸ் உபரிமதிப்புக் கோட்பாடுகள் பற்றிய தமது குறிப்புகளில் ஒரு பாடகியை உதாரணமாகக் கையாள்கிறார். தன் பாட்டைத் தானே விற்பவள் மூலதன நோக்கில் உற்பத்தித் தொழிலாளி அல்லள். அதே பாடகியை ஒரு முதலாளி பணம் பண்ணுவதற்காகப் பாடவைத்தால் அவள் உற்பத்தித் தொழிலாளியாகிறாள். ஆயினும் அவள் விற்பது உழைப்புச் சக்தியையே. மாலையில் வீடு திரும்பும்பொழுது குரல் அவளோடு திரும்புகிறது. ஃபொகேற்றி வழக்கிலே மூலதனம் ஒரு படி மேலே செல்ல முயன்றது. பழைய பாட்டு மட்டுமன்று, அப்பாட்டைப் பிறப்பித்த கைப்பழக்கமும் மூச்சுமுறையும் தாள உணர்வும் தனது உடைமை என்பதே அக்கோரிக்கையின் உள்ளடக்கம். உழைப்பின் விளைபொருள் உழைப்பாளிக்கு எதிராக நிற்கிறது என்ற அந்நியமாதற் கோட்பாட்டுக்கு இத்துணை நேரடியான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் பாடகர் மறுபடியும் வீரராகிவிடுவார். மாணவப் பருவத்துக் கட்டுரை புதிய ஆதாரங்களோடு திரும்பி வந்துவிடும். ஆனால் அவரது எதிர்ப்பு எந்தத் திசையிற் சென்றது என்பதையும் பார்க்கவேண்டும். குக், கிளிஃபேட், ரொம் ஆகியோர் ஸான்ற்ஸுடன் இணக்கமாயிருந்தமையை அவர் துரோகமாகவே கண்டார். 1990இற் ரொம் இறந்தார். சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட இரத்தத்தால் வந்த எயிட்ஸ் நோயே அதற்கு மூலமாயிற்று. சகோதரர் மனம் ஒன்றவில்லை. 1993இல் றொக் அன்ட் றோல் பெருமண்டபத்திற் குழு கௌரவிக்கப்பட்டபொழுது, பழைய தோழர் இருவரையும் மேடையேற்றாமல் வேறு கலைஞருடன் ஃபொகேற்றி பாடினார். அவர்கள் 1995இல் ஒத்த பெயருடன் வேறொரு குழு அமைத்தபொழுது வழக்குக்குப் போனார். 2004இற் கொன்கோட் நிறுவனம் ஃபன்ரஸியை வாங்கியதன் பின்னர் அவரது றோயல்ற்றி மீளக் கிடைத்தது. 2023இற் பாடல் வெளியீட்டுரிமையின் பெரும்பங்கையும் விலைகொடுத்து வாங்கினார். 2025இல், எண்பதாம் வயதில், தம் புதல்வரின் துணையோடு பழைய பாடல்கள் இருபதை மீளப் பாடிப் பதிந்து வெளியிட்டார். தனியுரிமையாற் பறிக்கப்பட்டது தனியுரிமையாகவே மீட்கப்பட்டது. நியாயம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ‘தொழிற்சாலை’யில் ட்றம்ஸும் பேஸ் கிற்றாரும் வாசித்தவர்களின் பங்கு என்ன என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

பாட்டுக்கு மீள்வோம். ‘ஃபோர்ச்சுனேற் சன்’ பாட்டின் பிற்கால வாழ்வு விசித்திரமானது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் றங்ளர் காற்சட்டை விளம்பரமொன்று, கொடியைப் பற்றிக் கூறும் அதன் தொடக்கத்தை மாத்திரம் வெட்டியெடுத்துத் தேசபக்திப் பாட்டாக ஆக்கியது. ஏளனம் தொடங்கும் இடத்திற் பாட்டு நிறுத்தப்பட்டது. உரிமை தம்மிடம் இல்லாமையால் ஃபொகேற்றியால் கண்டிக்க மட்டுமே முடிந்தது. 2020இல் டொனால்ட் ட்ரம்பின் தேர்தற் கூட்டங்களில் அது ஒலிபரப்பப்பட்டபொழுது அதனை நிறுத்துமாறு சட்டமுறைப்படி கோரினார். செல்வரின் மகனுக்கான மேடையில் அப்பாட்டு ஒலித்த முரணை அவரே சுட்டிக்காட்டினார். கேட்போர் சொற்களைக் கவனிப்பதில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது போதாது என்று கருதுகிறேன். பாட்டின் அமைப்பிலேயே அதற்கு இடமிருக்கிறது. அங்கே பேசுவது ஒரு ‘நான்’. அந்த ‘நான்’ தன்னை எதிலிருந்தோ விலக்கிக்கொள்வதன் மூலமே தன்னை அறிவிக்கிறது. ‘நாம்’ அங்கில்லை. தான் சலுகை பெற்றவன் அல்லன் என்று எண்ணிக்கொள்ள விரும்பும் எவரும் அந்த இடத்திற் புகுந்து நிற்கலாம். கோடீசுவரரின் ஆதரவாளரும் நிற்கலாம். நானும் நின்றேன்.

2006 ஓகஸ்ரில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியதும், அரசாங்க எழுதுவினைஞராயிருந்த அப்பா, ஓடித்திரிந்து அனுமதி பெற்று என்னைக் கப்பலேற்றிக் கொழும்புக்கு அனுப்பினார். வெள்ளவத்தையிற் சின்னமாமாவின் அறையில் அதே கசெற்றைப் போட்டு அதே பாட்டை அவரோடு சேர்ந்து பாடியிருக்கிறேன். என்னோடு படித்தவர்களிற் சிலர் அப்பொழுது வன்னியில் இருந்தார்கள். 2009 மே மாதத்தின் பின்னர் அவர்களில் இருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஆண்டு பேராதனையிலிருந்து அந்தக் கட்டுரையை எழுதியபொழுது, அப்பாடகனின் மறுப்பை என்னுடைய மறுப்பாகவும் கொண்டே எழுதினேன். அதை இப்பொழுது படிக்க என்னால் முடியவில்லை.

‘வில்லி அன்ட் த பூவர் போய்ஸ்’ இசைத்தட்டை முழுமையாக நான் கேட்டது பிற்காலத்தில், கலாநிதிப் பட்ட ஆய்வுக் காலத்திலேயே. அதில் ‘டோன்ற் லுக் நவ்’ என்று ஒரு சிறிய பாட்டு உண்டு. நாட்டுப்புறத் துள்ளலோடு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சுரங்கத்திலும் வயலிலும் நடைபெறும் வேலைகளை யார் செய்யப்போகிறார்கள் என்று அது வினவுகிறது. அதைச் செய்பவர் பாடுகின்ற தானும் அல்லர், கேட்கின்ற நீயும் அல்லர் என்பதையும் குரலை உயர்த்தாமற் சொல்லிவிடுகிறது. இங்கேயும் மறுப்புத்தான் இருக்கிறது. ஆனால் சலுகை பெறாதவன் என்று தன்னை விலக்கிக்கொள்ளும் மறுப்பன்று அது. உழைக்காதவர் பக்கத்திற் பாடகனையும் கேட்பவனையும் ஒருசேர நிறுத்திவிடும் மறுப்பு. அந்த இளைஞர்கள் தம் வர்க்கநிலையைப் பற்றிக் கூறியவற்றுள் மிக நேர்மையானது இதுவே என்பது எனது இப்போதைய மதிப்பீடு. இதனை எந்த விளம்பரக்காரரும் விரும்பியதாக நான் அறியேன்.

அப்பாட்டு எங்கள் கசெற்றில் இருக்கவில்லை. 1976இல் விற்பனைப் பட்டியலைப் பார்த்து ஃபன்ரஸி தெரிந்தெடுத்த இருபதில் அது சேர்க்கப்படவில்லை. எனது ஃபொகேற்றி என்று நான் எட்டாண்டுகள் கொண்டாடியவர் அந்நிறுவனத்தின் அட்டவணையில் இருந்த ஃபொகேற்றியே. கசெற் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் நாடா சுருங்கிவிட்டது.